இரு மொழி பேசும் நா
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பண்டிதன் அல்லன். ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும், வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழியும் பேசி வாழ்பவன் என்ற முறையில், நம்மைப் போன்றே வாழும் ஒரு மக்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டின் மொழி போர்த்துகீசியம். அது நமக்கு முற்றிலும் அயலானதன்று. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவை அம்மொழியிலிருந்து நம் வீடு புகுந்த சொற்களே. அந்நாட்டின் தென்கோடியில், ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில், 1824-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் ஜெர்மானியக் குடியேறிகள் வந்திறங்கினர். அவர்களைத் தொடர்ந்து வந்தோரிற் பலர் ஹுன்ஸ்ரூக் என்னும் மலைநாட்டினர். காடு திருத்திப் பயிர் செய்த அம்மக்கள், வீட்டில் தம் நாட்டுப்புற ஜெர்மனையே பேசினர். அவர்தம் வழித்தோன்றல்களிற் பலர் 200 ஆண்டுகள் கடந்தும் இரு மொழிகளையும் பேசி வருகின்றனர்.

இரு மொழி பேசும் நாவில் ஒன்றன் ஓசை மற்றொன்றிற் படிவது இயல்பு. போர்த்துகீசியத்தில் 'காரு' என்பதை மெல்லிய ரகரத்தோடு ஒலித்தால் 'விலை மிகுந்தது' என்று பொருள். ரகரத்தை வலித்து ஒலித்தால் மோட்டார் வண்டி. ஜெர்மன் பேசும் குடும்பத்தாரிற் பலர் இரண்டையும் மெல்லிய ரகரமாகவே ஒலிப்பர். கரிக்கும் கறிக்கும் வேறுபாடு காட்டாது பேசும் நாம் அவர்களைப் பார்த்து நகைக்க இயலுமா?

இன்னொன்று கேளுங்கள். 'போம்பா' என்றால் புறா. அதன் முதலெழுத்தைக் 'கம்பம்' என்பதிலுள்ள பகரம் போல் மென்மையாக ஒலித்தால் வெடிகுண்டு! அவர்களுடைய வீட்டுமொழியில் இவ்விரு ஓசைகளும் நெருங்கியவை. ஆதலின் போர்த்துகீசியம் பேசும்போது ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்துவிடும். இத்திரிபும் எல்லோரிடத்தும் ஓரளவாக இல்லை. வயற்புறத்து முதியவரிடம் மிகுதி. நகரப் பள்ளியிற் பயின்ற பேரனிடம் குறைவு.

இதனை எள்ளி நகையாடியோர் உளர். நகையோடு தடையும் சேர்ந்தது. வர்காஸ் ஆட்சியின் 1937 முதல் 1945 வரையிலான காலத்தில், பள்ளிகளில் ஜெர்மன் பயிற்றுமொழியாக இருத்தல் ஒழிக்கப்பட்டது. போர்க்காலத்தில் பொது இடங்களில் அம்மொழியைப் பேசுவதும் விலக்கப்பட்டது. பிள்ளைகளின் உச்சரிப்பைக் கேட்டுப் பிறர் சிரிப்பரே என்றஞ்சிய பெற்றோர் பலர், வீட்டிலும் ஜெர்மன் பேசுவதை விட்டனர். ஓசை திருந்துவதற்காக மொழியையே இழந்த குடும்பங்கள் அவை.

பின்னாளில் நிலை மாறிற்று. சான்டா கட்டரினா மாநிலத்து அந்தோனியோ கார்லோஸ் என்னும் ஊர், 2010-இல் ஹுன்ஸ்ரூக் மொழிக்குப் போர்த்துகீசியத்தோடு ஒத்த ஆட்சியுரிமை அளித்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும், ஒரு தலைமுறை பேசாது விட்டதைச் சட்டத்தால் மட்டும் மீட்டல் அரிது.

அன்பர்களே! நம் காலனிக் குழந்தைகள் 'பழம்' என்பதைப் 'பலம்' என்கின்றனர், நாம் சிரிக்கிறோம். இந்தியிலுள்ள நான்கு பகரங்களையும் நாம் ஒன்றாக்கிப் பேசுவது கேட்டு அவர்கள் சிரிக்கின்றனர். கணக்கு நேர்! குழந்தையின் ழகரத்தைப் பொறுமையோடு பத்து முறை சொல்லித் திருத்துங்கள். உறவினர் நடுவே நிறுத்தி நகைக்காதீர்கள். நாணமுற்ற பிள்ளை பிழையை மட்டும் விடுவதில்லை; பேச்சையே விட்டுவிடுகிறது.