மருத்துவச் செலவும் பொருளியல் மாணவரும்

திருப்பதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பொருளியலில் பட்டம் பெற்றவர், சில நாட்களுக்கு முன் என்னைக் காண வந்திருந்தார். முதுகலை வகுப்பில் சுகாதாரப் பொருளியலும் சுகாதாரக் கொள்கையும் பயில விரும்புவதாகச் சொன்னார். அவருடைய தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை. "நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து விலை பேசுவதற்கும் ஒரு படிப்பா?" என்று கேட்டாராம். பெரியவர் கேட்டதில் நியாயம் உண்டு. உயிரையும் ரூபாயையும் ஒரே ஏட்டில் எழுதுவது எவருக்கும் முதலில் கூசத்தான் செய்யும்.

இத்துறை முளைத்த கதையைச் சொல்வோர் பெரும்பாலும் அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் ஆரோ 1963 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவர். நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. திருப்பதியிலிருந்து மேற்கே மலைப் பாதையேறி மதனப்பள்ளிக்குச் சென்றால் போதும்.

மதனப்பள்ளி இன்று தக்காளிச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். கவி தாகூர் 1919 இல் அங்கே தங்கியிருந்தபோதுதான் 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார் என்பதும் பலர் அறிந்ததே. நமக்கு வேண்டியது ஊர்ப்புறத்தே உள்ள ஆரோக்கியவரம். கிறிஸ்தவ மிஷன்கள் பல ஒன்றுகூடி, டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்தியன் பிரிமோத் மோலரின் தலைமையில், 1915 இல் அங்கே ஒரு காசநோய் நிலையத்தை நிறுவின. மதனப்பள்ளி அன்று சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து உலகில் எங்கும் இல்லாத காலம் அது. மேட்டு நிலத்துக் காற்று, ஓய்வு, ஊட்டமுள்ள உணவு, இடைவிடாத கண்காணிப்பு ஆகியவையே சிகிச்சை. மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்து தேறி வீடு திரும்பியோர் பலர்.

ஆனால் கட்டிலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருவர் ஓராண்டு தங்கினால் அந்தக் கட்டில் அவ்வாண்டில் வேறு எவருக்கும் உதவாது. 1946 இல் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கை, நாட்டில் காசநோயாளிகள் சுமார் 25 லட்சம் பேர் என்றும், அவர்களுக்கென்று இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000 என்றும் மதிப்பிட்டது. எத்தனை நிலையங்கள் கட்டினாலும் இந்த இடைவெளி அடைபடுமா? இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவரைப் பற்றி எந்த நிலையத்தின் ஏட்டிலும் பதிவு இராது.

இந்த நிலையில் புது மருந்துகள் வந்தன. சென்னையில் 1956 இல் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நிலையம் அது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை, எவருடைய விருப்பத்துக்கும் இடமின்றி, சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்தனர். ஒரு சாரார் காசநோய் நிலையத்தில் ஓராண்டு தங்கினர்; மற்றொரு சாரார் தத்தம் வீட்டிலேயே இருந்துகொண்டு, வாரந்தோறும் மருந்து வாங்கிச் சென்றனர். இரு சாராருக்கும் ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே மருந்துகள்தாம். நிலையத்தாருக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தோருக்கு வாய்த்தவை நெருக்கடியான இருப்பிடமும் அரைகுறை உணவுமே.

முடிவு 1959 இல் வெளியாயிற்று. நோய் அடங்கியோர் நிலையத்தில் நூற்றுக்கு 92 பேர்; வீட்டில் 86 பேர். உடல் எடை நிலையத்தாருக்கே மிகுதியாகக் கூடியது. நோய் அடங்கியதிலோ பெரிய வேற்றுமை இல்லை. வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்குத் தொற்றுமே என்ற அச்சத்துக்கும் 1966 இல் விடை கிடைத்தது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தார் அதனால் கூடுதலாக நோயுற்றதாகத் தெரியவில்லை. இதற்கிடையில், வெளிநோயாளிச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்ட தேசியக் காசநோய்த் திட்டம் 1962 இல் தொடங்கிவிட்டது. உலகெங்கும் காசநோய் நிலையங்கள் மெல்ல மெல்லக் காலியாயின.

அங்கே எவரும் நோயாளியிடம் விலை பேசவில்லை. ஒரு கட்டிலுக்கு ஆகும் பணத்தில் எத்தனை பேருக்கு மருந்து தரலாம், தந்தால் அவர்கள் பிழைப்பார்களா என்றே கேட்டனர். ஒன்றுக்குச் செலவிட்ட ரூபாய் மற்றொன்றுக்கு இல்லாமற் போகிறது என்பதே இப்படிப்பின் முதற் பாடம். இந்தக் கணக்கைப் போடாதிருப்பது கருணையாகாது. வரிசையில் பின்னால் நிற்பவரை மறந்துவிடுதலே ஆகும்.

எனினும், முதற் பாடத்தோடு நின்றுவிடும் மாணவரைக் கண்டால் எனக்குச் சற்று அச்சம். வீட்டுச் சிகிச்சை மலிவு என்கிறோம், யாருக்கு மலிவு? நிலையத்தில் சோறு போட்டது நிலையம். வீட்டில் சோறு போட்டது யார்? மருந்துக்குச் சென்ற நாளின் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் ஆயிற்று. உடன் சென்றவரின் வேலையும் கெட்டது. அரசாங்கத்தின் ஏட்டிலிருந்து மறைந்த செலவு குடும்பத்தின் தலையில் ஏறியிருக்கக் கூடும். இது சென்னை ஆய்வின் குறையன்று. அதன் முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு திட்டம் வகுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி.

ஆந்திர தேசத்தில் இக்கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. 2007 இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம் அவ்வாண்டிலேயே சித்தூர் ஜில்லாவுக்கும் வந்தது. பட்டியலில் உள்ள பெருஞ் சிகிச்சைகளுக்கு, தனியார் ஆஸ்பத்திரியானாலும், ஏழையின் சார்பில் பணம் கட்டும் ஏற்பாடு அது. இருதய அறுவைக்கு நிலத்தை விற்கும் அவலம் பலருக்கு அதனால் நீங்கிற்று. எனினும் அறுவை முடிந்து வீட்டில் கிடக்கும் நாட்களில் அடுப்பு எரிவது எப்படி? 2019 இல் ஆரோக்கிய ஆசரா என்ற பெயரில், நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு 5,000 ரூபாய் வரம்பில், ஓய்வுக்கால உதவித் தொகையை அரசாங்கம் கொண்டுவந்தது. இழந்த கூலியும் நோயின் செலவே என்பதை ஓர் அரசாணை ஒப்புக்கொண்டது பெரிய செய்தி.

காசநோயிலும் கணக்கு மறுபடி திருத்தப்பட்டது. நல்ல உணவின்றியும் மருந்து குணமாக்கும் என்று சென்னை ஆய்வு காட்டியதைக் கொண்டு, உணவு ஒரு பொருட்டன்று என்று பலர் முடிவுகட்டிவிட்டனர். ஜார்க்கண்டில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள் வழங்கியபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. அதில் பங்கு கொண்டது பழைய சென்னை நிலையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமே என்பது நினைக்கத்தக்கது.

பாடத்திட்டத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பொருளியலோடு புள்ளியியலும், நோய்ப் பரவலியலும், அரசாங்க வரவு செலவு முறையும் கட்டாயம் வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பு நடத்தி வந்திருக்கிறது. மருந்தும் கருவியும் விலைக்குத் தகுந்த பயன் தருகின்றனவா என்று ஆராய மத்திய அரசாங்கம் 2017 இல் தனி அமைப்பை ஏற்படுத்தியதிலிருந்து, இப்படிப்புக்கு வேலையும் உண்டு.

புள்ளிகளைப் படிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தது 2014-15 இல் 62.6 விழுக்காடு, 2021-22 இல் அது 39.4 ஆகக் குறைந்தது என்று தேசியச் சுகாதாரக் கணக்கு சொல்லுகிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் காசில்லாமையால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவருடைய கைச்செலவும் இக்கணக்கில் பூஜ்யமே அல்லவா?

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னேன். திருமலை தேவஸ்தானம் 1993 இல் நிறுவிய ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிறுவனம் அவருடைய ஊரிலேயே இருக்கிறது. பீலேரிலிருந்தும் புங்கனூரிலிருந்தும் நோயாளிக்குத் துணையாக வருவோர் அங்கே எங்கே தங்குகின்றனர், எத்தனை நாள் கூலி இழக்கின்றனர் என்று ஒரு மாதம் கேட்டு எழுதிப் பார்க்கும்படி சொன்னேன். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் கட்டங்கள் வரைந்துகொண்டு போனார். அவற்றை வரைந்து கொடுத்தவர் தந்தையார்தான் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அவர் மளிகைக் கடையில் கணக்கெழுதுபவராம்.