நிறமில்லாத நஞ்சு

வால்பாறை ஓடையில் கூழாங்கல் தெரிந்தால் தண்ணீர் நல்லது என்போம். ஆர்சனிக் என்ற நஞ்சின் விஷயத்தில் அந்தக் கணக்கு உதவாது. அதற்கு நிறம், மணம், சுவை எதுவுமில்லை; கொதிக்க வைத்தாலும் போகாது.

மேற்கு வங்கத்தில் 1980களின் தொடக்கத்தில், தோல் கறுத்து வந்த கிராமத்தாரைப் பரிசோதித்த கொல்கத்தா மருத்துவர் கே.சி. சாகா, குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஆர்சனிக்கே காரணம் என்று கண்டார். பாவம், வருடக்கணக்கில் குடித்திருந்தார்கள்!

ஆர்சனிக்கைக் கண்டறிய, சோதனைக் குப்பியில் தண்ணீரோடு அமிலமும் துத்தநாகத் தூளும் சேர்ப்பார்கள். ஆர்சனிக் இருந்தால் நச்சு வாயுவாகக் கிளம்பி, குப்பி வாயில் வைத்த பாதரச புரோமைடு தாளை மஞ்சளாக்கும். கூடுதலாக இருந்தால் பழுப்பு. நம் நாட்டுக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். புதிதாகப் போர் போட்டவர்கள் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ஆர்சனிக்கை நீக்கும் ‘அம்ரித்’ வடிகட்டியை உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பின் குழு.