முதல் லாரி



முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது என் சித்தப்பா மகன். சிதம்பரத்துப் பையன். கார் லைசென்ஸ் எடுத்து, ஒரு வருஷம் காத்திருந்து, ஹெவி எடுத்தான். நான் கடலூர் சிப்காட்டில் லோடு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். "அண்ணே, எந்தக் கம்பெனில சேரட்டும்?"னு கேட்டான்.

எங்க கேட்டுக்கு வருகிற டிரைவர்களை விசாரிக்கச் சொன்னேன். கேட்கவில்லை. டிரிப்புக்கு அதிகப் பணம் என்று ஒரு இடத்தில் சேர்ந்தான். ஒரிஜினல் லைசென்ஸை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். கிளீனர் கிடையாது. ஓசூர் போய்த் திரும்பிய இரவே சென்னை லோடு. திண்டிவனம் தாண்டிக் கண் அசந்துவிட்டான். வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது, பிழைத்தான்.

அடுத்த முறை சேர்ந்தே விசாரித்தோம். மாதச் சம்பளமா, டிரிப் கணக்கா? படி தனியா? தொலைதூரத்துக்கு இரண்டாவது டிரைவர் உண்டா? நாளுக்கு 8 மணி நேரம் என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். ரோட்டில் நடப்பது வேற, அதனால்தான் கேட்கணும். ஓவர்லோடு அபராதம் யார் தலையில்? 2019 திருத்தப்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இதைக் கேட்டதும் இரண்டு முதலாளிகள் முகம் மாறிப்போச்சு. டயரையும் குனிந்து பார்த்தேன், எஞ்சினியர் புத்தி!

இப்போ ஆறு வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஓட்டுகிறான். பணம் கொஞ்சம் குறைவுதான். லைசென்ஸ் அவன் சட்டைப்பையிலேயே இருக்கு.