பிள்ளையைப் பார்த்தவர் யார்?



பதுளையிலிருந்து பசறைக்கும் ஹாலி-எலவுக்கும் செல்லும் வீதியோரத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய தாய்மார் மலைக்கு ஏறுவார்கள். அதே வேளையில் அவர்கள் பெற்ற பிள்ளைகள் புத்தகப் பையுடன் பள்ளிக்கு இறங்குவார்கள். கூடை மேலே போகும். பை கீழே வரும். தாயும் பிள்ளையும் மீண்டும் ஒருவரையொருவர் காண்பது பொழுது சாயும் வேளையிலேதான். இந்தக் காட்சியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது என் நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். வாங்கில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அமரமாட்டான். கணக்கைத் தொடங்குவான், முடிக்கமாட்டான். பென்சிலைக் கொண்டு வந்த நாளில் கொப்பியை மறந்து வருவான். நான் கண்டித்தேன், பிரம்பையும் எடுத்தேன். ஆண்டிறுதியில் அவனுடைய தேர்ச்சி அறிக்கையில், 'அடக்கமில்லாதவன், முயற்சியில்லாதவன்' என்று எழுதினேன். அதை அவன் தந்தையார் என் முன்னாலேயே எழுத்துக் கூட்டிப் படித்தார். மறு ஆண்டு அந்தச் சிறுவன் பள்ளிக்கு வரவில்லை. கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு இருந்தது இன்னதென்று இன்று என்னால் உறுதியாகக் கூற இயலாது. அவனை யாரும் பார்க்கவில்லை என்பதை மட்டும் கூறலாம். பார்க்க வேண்டிய இடத்தில் இருந்த நானும் பார்க்காமலே தீர்ப்பெழுதினேன்.

பிள்ளைகளின் இத்தகைய இயல்புகளை மருத்துவ உலகம் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. இலண்டன் நகரிலே ஜோர்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர், 1902ஆம் ஆண்டில், அறிவிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அமெரிக்காவிலே லியோ கானர் என்பவர், 1943ஆம் ஆண்டில், பிறரோடு ஒட்டாமல் தம் உலகில் தாமே வாழ்ந்த 11 பிள்ளைகளை விவரித்து எழுதினார். முன்னையதைக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்றும், பின்னையதை ஓட்டிசம் அல்லது மதியிறுக்கம் என்றும் இன்று அழைக்கிறோம். ஒரே பிள்ளையிடம் இவ்விரண்டும் சேர்ந்து காணப்படலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் இதனை ஏற்றுக்கொண்டது 2013ஆம் ஆண்டில்தான்.

இவற்றை எவ்வாறு கண்டறிகிறார்கள்? இரத்தத்தைச் சோதித்து அறிய முடியாது. படம் பிடித்தும் அறிய முடியாது. வைத்தியர் பிள்ளையோடு விளையாடிப் பார்ப்பார், பேசிப் பார்ப்பார். அதன் பின் பிள்ளையை அறிந்தவர்களிடம் கேட்பார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா? வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டுகிறதா? இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையா? பேசிய சொற்களையும் இழந்துவிட்டதா? கவனக்குறைவு என்று முடிவு செய்வதற்கோ, அதன் அடையாளங்கள் 12 வயதுக்கு முன்னரே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். ஆகவே இந்தப் பரிசோதனை, பாதிக்கு மேல், பிறர் சொல்லும் சாட்சியத்தையே நம்பி நடைபெறுகிறது.

இங்கேதான் நமது தோட்டப்புறத்தின் இடர்ப்பாடு தலைகாட்டுகிறது. கிளினிக்குக்குப் பிள்ளையை அழைத்துச் செல்பவள் தாய். ஆனால் பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்தவள் அவளா? அவள் மலையிலே நின்றாள். பார்த்தவள் பாட்டி, அல்லது பிள்ளைக்காம்பரா ஆயா, பள்ளி வயதானால் ஆசிரியை.

என் பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமியின் செய்தியைக் கூறுகிறேன். அவள் பேசுவது அருமை. சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். வரிசையைக் குலைத்தால் மணிக்கணக்கில் அழுவாள். தாய் ஒரு நாட் பேரை இழந்து, இரண்டு பஸ் ஏறி, வைத்தியரிடம் கொண்டு சென்றாள். மற்றப் பிள்ளைகளோடு எப்படி விளையாடுவாள் என்று வைத்தியர் கேட்டார். தாய்க்குத் தெரியவில்லை. "நல்லாத்தான் விளையாடுவா ஐயா" என்று சொல்லிவிட்டாள். பொய் சொல்லும் எண்ணமில்லை. பிள்ளையைக் குறை கூற எந்தத் தாய்க்கு மனம் வரும்? அடுத்த முறை பாட்டியையும் உடன் அனுப்பினோம். பிள்ளைக்காம்பரா ஆயாவும் வகுப்பாசிரியையும் கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். வைத்தியர் அதனை இருமுறை படித்தாராம். அன்றுதான் உண்மையில் பரிசோதனை தொடங்கியது.

இது ஒரு குடும்பத்துக் கதை மட்டுமன்று. நமது நாட்டிலே பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவருடன் பணியாற்றியோரும், 18 முதல் 24 மாத வயதுடைய பிள்ளைகளிடையே நடத்திய ஓர் ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்பகுதியில் 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து பெற்று, தாய்மாரிடம் கேட்ட வினாக்கொத்து, ஓட்டிசம் உள்ள நால்வரில் ஒருவரையே சுட்டிக் காட்டியது. பின்னர் அவர்கள் வினாக்களோடு படங்களையும் சேர்த்து, நமது மக்களுக்கென்றே ஒரு கருவியை ஆக்கினார்கள். 2017ஆம் ஆண்டில் வெளியான அக்கருவி பெரும்பாலான பிள்ளைகளைச் சரியாக இனங்காட்டியது. கேட்கும் முறை மாறினால் கிடைக்கும் விடையும் மாறும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

மற்றுமொன்று மொழி. வைத்தியர் சிங்களத்தில் வினவுகிறார்; பிள்ளை வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் நோயா, மொழியா? தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் மலையகத்தில் மிகச் சிலரே. ஆகையால், 'என் பிள்ளைக்குத் தமிழ் மட்டுமே விளங்கும்' என்று முதலிலேயே சொல்லப் பெற்றோர் கூச வேண்டியதில்லை. மொழிபெயர்க்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் நன்று.

அன்றியும், கவனம் சிதறும் பிள்ளைகள் எல்லோருக்கும் இக்கோளாறு உண்டென்று கொள்வதும் தவறு. காது கேளாத பிள்ளையும் அழைத்தால் திரும்பாது. ஆகவே செவிப் பரிசோதனை முதலில் வேண்டும். இரத்தச் சோகையுள்ள பிள்ளை சோர்ந்திருக்கும். இரவிலே குடித்துவிட்டுச் சண்டையிடும் ஓசையில் உறங்காத பிள்ளை, பகலிலே வகுப்பில் எவ்வாறு கவனம் செலுத்தும்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32 பேர். வயிற்றையும் வீட்டையும் விசாரியாமல் மூளையை மட்டும் விசாரிப்பது முறையன்று. நல்ல வைத்தியர் இவை யாவற்றையும் கேட்பார். கேளாவிடின் நாமே சொல்ல வேண்டும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தாயின் அன்பில்லாமையால் ஓட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் வைத்தியர்களே எழுதினார்கள். இரட்டைப் பிள்ளைகளை வைத்து 1977ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இது பெரிதும் பிறப்போடு வருவதென்று காட்டியது. தடுப்பூசியால் வருகிறதென்று 1998ஆம் ஆண்டில் கிளம்பிய கட்டுரையையும், அதனை வெளியிட்ட சஞ்சிகையே 2010ஆம் ஆண்டில் மீளப்பெற்றுவிட்டது. ஆகவே உங்கள் மீது குற்றமில்லை, ஊசியையும் நிறுத்தாதீர்கள். கண்ணூறு கழிக்க விரும்புவோர் கழிக்கட்டும். நூல் கட்டுவோர் கட்டட்டும். ஆனால் அதற்காகக் கிளினிக் நாளைத் தவறவிட வேண்டாம். பிள்ளை பிறந்தபோது தந்த கிளினிக் கொப்பியிலே வளர்ச்சிப் படிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒரு படி தவறினால் மருத்துவமாதிடம் காட்டுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரிக்கும், அவர் குழந்தை வைத்திய நிபுணருக்கும் வழி காட்டுவார்கள். 'தகப்பனும் பிந்தித்தான் பேசினான்' என்று காத்திருந்து இழக்கும் ஆண்டுகள் திரும்பி வாரா.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியருக்குக் குறிப்பு எழுதும்போது 'குழப்படிக்காரன்' என்று எழுதாதீர்கள். 'அரை மணி நேரத்தில் ஆறு முறை எழுந்தான்' என்று எழுதுங்கள். 'மந்தம்' என்று எழுதாதீர்கள். 'பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. பேனா விழுந்த ஓசைக்குத் திரும்பினாள்' என்று எழுதுங்கள். முன்னவை தீர்ப்புகள், பின்னவை சாட்சியங்கள். 'இப்படிப்பட்ட பிள்ளைக்கு இங்கே இடமில்லை' என்று சொல்ல எந்த அதிபருக்கும் உரிமையில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தடுக்கிறது.

பரிசோதனையின் பின் என்ன? ஓட்டிசத்தை அகற்றும் மருந்து இல்லை. பேச்சுச் சிகிச்சையும் தொழில்வழிச் சிகிச்சையும் பிள்ளையின் வாழ்வை இலகுவாக்கும். கவனக்குறைவுக்குப் பெற்றோர்க்குப் பயிற்சி, வகுப்பில் முன்வரிசை இடம், வேலையைச் சிறு சிறு கூறாகக் கொடுத்தல் ஆகியன உதவும்; சிலருக்கு வைத்தியரின் மேற்பார்வையில் மருந்தும் பயன் தரும்.

நான் கூறிய சிறுமி இன்னும் அதிகம் பேசுவதில்லை. தாகமெடுத்தால், ஆசிரியை வரைந்து கொடுத்த தண்ணீர்க் குவளைப் படத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். முன்பு அவள் அழுத அழுகையில் பெரும் பகுதி தாகத்தால் வந்ததென்று அப்போதுதான் அறிந்தோம்.

கொழும்புக் கடைக்குச் சென்ற அந்தச் சிறுவனின் அழுகையில் என்ன இருந்ததென்று நான் கேட்கவே இல்லை. உங்கள் வீட்டிலோ, லயத்திலோ, வகுப்பிலோ அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். தீர்ப்புச் சொல்லுமுன் ஒரு வாரம் உற்றுப் பாருங்கள். பார்த்ததை உள்ளபடி எழுதிக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.