நகரத்தில் ஒரு கீரைப் பாத்தி



நகரத்தில் வாழ்வோர் தமக்கு வேண்டும் காய்கறியில் சிறிதளவேனும் தாமே பயிரிடலாகாதா என்று கேட்டால், "இடம் ஏது?" என்பதே உடனே வரும் விடை. இடக்குறை உண்மைதான். ஆயினும் அதனினும் பெரிய தடை ஒன்று நம் உள்ளத்தில் இருக்கிறது. உழவுத் தொழிலைப் பற்றிய இளப்பமே அது.

அந்த இளப்பத்தை எங்கே கற்கிறோம்? சொல்லவே நாணமாக இருக்கிறது, பள்ளியிலேயே கற்கிறோம். "படிப்பு வராவிட்டால் மாடு மேய்க்கப் போ" என்னும் வசையை என் பணிக் காலத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். தோட்டத்துக்கு நீர் ஊற்றுவதைத் தண்டனையாக விதித்ததையும் கண்டிருக்கிறேன். தண்டனையாகக் கற்ற தொழிலை எவர்தாம் விரும்பிச் செய்வர்?

எண்ணம் மாறினால் இடமும் கிடைக்கும் என்பதற்கு வரலாறு சான்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க மக்கள் வீட்டு முற்றத்திலும் காலி மனையிலும் "வெற்றித் தோட்டங்கள்" அமைத்தனர். 1943இல் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகை வளாகத்திலேயே காய்கறி பயிரிடச் செய்தார். தோட்டங்கள் ஏறத்தாழ 2 கோடி. நாட்டின் காய்கறியில் ஐந்தில் இரண்டு பங்கு அவற்றில் விளைந்ததாக மதிப்பிட்டனர். 1945இல் போர் முடிந்தது. தோட்டங்களில் பெரும்பாலானவும் மறைந்தன. நெருக்கடியில் பிறந்த மதிப்பு, நெருக்கடியோடு நீங்கிற்று.

நம் நாட்டைப் பாருங்கள். 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே தரகர் இல்லை, விளைவித்தவரே விற்கிறார். விலை, மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக நாள்தோறும் குறிக்கப்படுகிறது. இருவர்க்கும் நன்மையே. ஆயினும் அங்கும் கீரைக்கட்டுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுவோர் உளர். அவரே பெருங்கடையில் விலைச்சீட்டைக் கண்டு, வாய் திறவாமல் பணம் கொடுப்பர். இதுவும் அந்த இளப்பந்தான்.

மாடியில் தொட்டி வைத்தால் தளம் ஒழுகும், கொசு பெருகும் என்று அண்டை வீட்டார் அஞ்சுவது நியாயமே. நீர் தேங்காமல் வடிய வழி செய்வது நம் கடமை. மாடித் தோட்டம் ஊருக்கே சோறு போடும் என்று நான் சொல்லவில்லை. நெல்லுக்கு வயல்தான் வேண்டும். ஆனால் ஒரு பாத்தியில் பூச்சியோடும் வெயிலோடும் போராடியவர், வயலில் நிற்பவரை இளப்பமாகப் பேசமாட்டார்.

முளைக்கீரை மூன்று நான்கு வாரங்களில் பறிக்கும் பருவம் எய்தும். ஒரு முறை விதைத்துப் பாருங்கள். பிறகு உழவர் சந்தைக்குச் சென்று பேரம் பேச மனம் வருகிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.