தென்னந்தோப்புக்கு அடியில் எந்தக் காலம்?

(மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்தவன். தொல்லியல் நான் படித்த பாடம் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு கீழடி பற்றி வருவதை எல்லாம் விடாமல் படிக்கிறேன், அவ்வளவுதான். போன கூட்டத்தில் பி பிளாக் அம்மா ஒருவர், "பானை ஓட்டைப் பார்த்து 2,600 வருஷம் என்று எப்படி சார் சொல்கிறார்கள்? அதில் தேதி போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

கீழடி மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டம். தோண்டிய இடத்துக்கு ஊரில் வழங்கும் பெயர் பள்ளிச்சந்தைத் திடல். நூறு ஏக்கருக்கு மேல் தென்னந்தோப்பு. மேலே நின்று பார்த்தால் கீழே ஒரு ஊர் புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. 1970களில் அங்கே கிணறு வெட்டியபோது கிடைத்த பொருள்களைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர, ஆசிரியர் ஒருவர் அவற்றைக் கவனித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். பிறகு பல வருஷம் தோப்பு தோப்பாகவே இருந்தது. 2013-14இல் மத்தியத் தொல்லியல் துறை, அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில், வைகைக் கரை நெடுக ஆய்வு செய்து 293 இடங்களைக் குறித்தது. அதில் ஒன்றான கீழடியில் 2014-15இல் தோண்ட ஆரம்பித்தார்கள். 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டுகிறது.

செங்கல் சுவர் வந்தது, உறைகிணறு வந்தது, கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் ஏராளமாக வந்தன. ஆனால் செங்கல் தன் வயதைச் சொல்லாது. கருப்பு சிவப்புப் பானையைப் பல நூற்றாண்டுகள் ஜனங்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதை வைத்துத் தோராயமாகத்தான் சொல்ல முடியும். வயதைச் சொல்வது எது தெரியுமா? அடுப்புக் கரி! உயிரோடு இருக்கும் மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்ற அணுவை வாங்கிக்கொண்டே இருக்கும். மரம் செத்தால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5,730 வருஷத்தில் பாதியாகக் குறையும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் எப்போது வரவு நின்றது என்று கணக்குப் போட்டுவிடலாம். வில்லார்ட் லிபி என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை இது. 1960இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது.

கீழடியிலிருந்து ஆறு மாதிரிகளை அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205 என்று வந்தது. 2019 செப்டம்பரில் மாநில அரசு அறிக்கையாக வெளியிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்துக்கு இந்த முறையில் துல்லியம் குறைவு. முன்னே பின்னே தள்ளும். 580 என்பதை ஆதார் அட்டைப் பிறந்த தேதி போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, கரிக்கு வயது தெரிந்தது. பக்கத்தில் கிடந்த பானைக்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் வங்கியில் அன்றன்றைய வவுச்சர்களை அன்றே கட்டாகத் தைத்து வைப்போம். ஒரு வவுச்சரில் தேதி அழிந்துபோனாலும் எந்தக் கட்டில் இருந்தது என்று தெரிந்தால் போதும், நாள் தெரிந்துவிடும். உருவி மேஜையில் போட்டுவிட்டால் தொலைந்தது. மண் அடுக்கும் அப்படித்தான். ஒரே அடுக்கில் கரியும் ஓடும் கலையாமல் கிடந்தால் ஒன்றின் வயது இன்னொன்றுக்கும் பொருந்தும்.

ஆழம் மட்டும் போதாது. பின்னால் வந்தவன் குப்பைக்குழி வெட்டியிருந்தால் அவன் போட்ட ஓடு ஆயிரம் வருஷம் பழைய மண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எலி வளை, தென்னை வேர் இவையும் கலைத்துவிடும். அதனால்தான் சின்னக் கரண்டி, பிரஷ் வைத்துச் சுரண்டுகிறார்கள். குழியின் சுவரைச் செங்குத்தாக விட்டு, மண் நிறம் மாறும் இடத்தில் எல்லாம் கோடு போட்டுச் சீட்டுக் குத்துகிறார்கள். 2025இல் அமர்நாத் ராமகிருஷ்ணாவின் அறிக்கையைத் திருத்தச் சொல்லி எழுந்த சர்ச்சையை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அரசியலுக்குள் நான் போகவில்லை, நம் சங்கத்தில் அது ஆகாது. ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்திலும் காலம், ஆழம், அடுக்கு என்பதுதான் பேச்சு.

இதை நம்மிடம் ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே பாதிப் பேருக்கு ஊரில் நிலம் இருக்கிறது. திடல், மேடு என்று பெயர் உள்ள நிலங்களை ஜே.சி.பி. வைத்து ஒரே நாளில் மட்டம் செய்து பிளாட் போடுகிறார்கள். செங்கல் சூளைக்கு மண் அள்ளுகிறார்கள். உறைகிணற்றின் வளையமோ, தாழியோ தென்பட்டால் தங்கம் இருக்கும் என்று உடைத்துப் பார்க்கிறார்கள். இருப்பது பெரும்பாலும் எலும்பும் ஓடும்தான். உடைத்துக் கலைத்த பிறகு அது எந்தக் காலம் என்று சொல்வது மிகவும் கடினமாகிவிடும்.

"தெரிவித்தால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களே" என்ற பயம் விவசாயிக்கு இருக்கிறது. நியாயமான பயம்தான், அதைக் கேலி செய்யக் கூடாது. கீழடியில் தனியார் தோப்புகளில் உரிமையாளர் சம்மதம் வாங்கித்தான் குழி போட்டார்கள். பல குழிகளை வேலை முடிந்ததும் மூடிவிட்டார்கள். தவிர, சட்டமும் இருக்கிறது. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ முதலில் சொல்லலாம். சொல்வதற்கு முன்னால் தொடாமல், அப்படியே வைத்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து எடுத்தால் அளவு தெரியும்.

கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டடம், நன்றாக இருக்கிறது. பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த முதுமக்கள் தாழிகளையும் பார்க்கலாம். வேன் வைத்துப் போகலாம் என்று செயலாளர் சொல்கிறார். வருகிறவர்கள் அலுவலக நோட்டில் பெயர் எழுதுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அதையும் குறிப்பிடுங்கள், நடை கொஞ்சம் இருக்கிறது.