‘உங்களைப் பற்றி எழுதுங்கள்’ என்கிறார்கள், எதை எழுதுவது?

(முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான மேற்படிப்பு வழிகாட்டல் முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உதவித்தொகை, கடைசித் தேதி, ஆங்கிலத் தேர்வு எல்லாவற்றையும் காலை அமர்வில் பேசிவிட்டார்கள். எனக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு தாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ‘உங்களைப் பற்றி எழுதுங்கள்’ என்று வருமே, அந்தத் தாள். சில இடங்களில் எஸ்.ஓ.பி. என்பார்கள், சில இடங்களில் பர்சனல் ஸ்டேட்மென்ட் என்பார்கள். இங்கிலாந்தின் இளநிலைப் படிப்புகளுக்கு இடைவெளியும் சேர்த்து 4000 எழுத்துகள். அமெரிக்கக் கல்லூரிகளின் பொது விண்ணப்பத்தில் 650 சொற்கள். சான்றிதழ்களை ஒரே நாளில் ஸ்கேன் செய்து ஏற்றிவிடுகிற நம் பிள்ளைகள், இந்தத் தாளுக்கு வந்ததும் மூன்று வாரம் அப்படியே நின்றுவிடுகிறார்கள். அதோடு விண்ணப்பத்தையே கைவிட்டவர்களும் உண்டு.

ஏன் நிற்கிறோம்? தமிழ்நாட்டில் நாம் கல்லூரிக்குள் வந்த வழி வேறு. மதிப்பெண், தரவரிசை, இடஒதுக்கீடு, கலந்தாய்வு. ‘நீ யார், உன்னிடம் அப்படி என்ன இருக்கிறது’ என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் நமக்குப் பாதுகாப்பு. எங்கெல்லாம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதோ அங்கெல்லாம் நமக்கு அடி விழுந்திருக்கிறது.

1980இல் உச்ச நீதிமன்றத்தில் அஜய் ஹாசியா வழக்கில் தீர்ப்பு வந்தது. ஸ்ரீநகரின் வட்டாரப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. இரண்டு மூன்று நிமிடத்தில் நேர்காணலை முடித்துவிட்டார்கள், கேட்டதெல்லாம் பெற்றோர் யார், ஊர் எது என்பதுதான் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் சொன்னது. சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் அமைத்த நஃபே குழுவும் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்களில் பாகுபாடு தெரிவதாகக் கண்டு, 30 மதிப்பெண்ணை 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. 2017 மார்ச்சில் நாம் இழந்த சேலம் முத்துக்கிருஷ்ணன், தன் கடைசிப் பதிவில் எம்.ஃபில்., பிஎச்.டி. சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று எழுதியிருந்தார். நம்மில் பலர் அதைப் பகிர்ந்தோம்.

வெளிநாட்டில் மட்டும் இந்தத் தாள் கள்ளம் கபடமில்லாமல் பிறந்ததா? இல்லை. 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றிலும் நுழைவுத் தேர்வில் தேறி வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கை கூடியது. தேர்வு மதிப்பெண்ணை வைத்து அவர்களைத் தடுக்க முடியவில்லை. அப்போதுதான் ‘குணநலன்’, ‘ஆளுமை’, நேர்காணல், புகைப்படம், குடும்பப் பின்னணி எல்லாம் விண்ணப்பத்துக்குள் நுழைந்தன. ஜெரோம் கராபெல் என்ற சமூகவியலாளர் 2005இல் இதைப் பற்றி விரிவான நூல் ஒன்று எழுதியிருக்கிறார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்த 60,000 விண்ணப்பங்களின் கட்டுரைகளை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் உண்டு. குடும்ப வருமானத்தோடு எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணுக்கு உள்ள தொடர்பைவிட, கட்டுரையின் உள்ளடக்கத்துக்கு உள்ள தொடர்பு வலுவானது என்று அது காட்டியது. வீட்டில் காசு இருக்கிறதா இல்லையா என்பது கட்டுரையிலேயே தெரிந்துவிடுகிறது.

இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கை முறையை 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் அதே தீர்ப்பில், இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினால், அது அவருடைய துணிவையோ திறனையோ காட்டுகிற அளவில் பல்கலைக்கழகம் அதைப் பரிசீலிக்கலாம் என்றும் தலைமை நீதிபதி எழுதினார். கதவைப் பூட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து கதை சொல் என்பது போலத்தான். உரிமையாக இருந்ததைத் தனிமனிதரின் எழுத்துத் திறமையாக மாற்றிவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்வது அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொல்வதற்காக அல்ல. அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று தெரிந்தால், அதன் முன்னால் கூனிக் குறுக வேண்டியதில்லை. இனி எழுதுவது பற்றிப் பேசுவோம்.

சில வருடங்களாக நம் மாணவர்களின் வரைவுகளைப் படித்துத் தருகிறேன். பெரும்பாலும் இரண்டு வகையாக வருகின்றன. ஒன்று, எதுவுமே நடக்காதவர் எழுதியது போல இருக்கும். ‘சிறு வயது முதலே எனக்குச் சமூகவியலில் தீராத ஆர்வம்’ என்று தொடங்கும். ஊர் இருக்காது, தெரு இருக்காது, ஆள் இருக்கமாட்டார். கணினியிடம் கேட்டு வாங்கியது என்றால் இன்னும் வழவழப்பாக இருக்கும். இலக்கணம் பார்க்க அதைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் தெரு அதற்குத் தெரியாது.

இரண்டாவது வகை நேர் எதிர். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை துயரம். அப்பா குடித்தார், அம்மா கூலிக்குப் போனார், பள்ளியில் அவமானப்படுத்தினார்கள், பசியோடு படித்தேன். அத்தனையும் உண்மை. ஆனால் படித்து முடித்ததும் அந்த மாணவருக்கு என்னவெல்லாம் செய்தார்கள் என்பது தெரியும். அவர் என்ன செய்தார், அவருக்கு என்ன தெரியும் என்பது தெரியாது. படிப்பவர் இரக்கப்படுவார். இரக்கப்பட்டுக்கொண்டே அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். இன்னொன்றும் எனக்கு இதில் பிடிக்கவில்லை. காயத்தைக் காட்டினால்தான் இடம் என்று ஒரு ஏற்பாடு இருந்தால், அதற்கு நாமே ஏன் ஒத்துழைக்க வேண்டும்?

ஒரு மாணவியின் வரைவைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அம்மா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். மகள் தொழிலாளர் நலன் தொடர்பான முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள். ‘என் தாய் பட்ட கஷ்டங்கள் என்னை இந்தத் துறைக்கு அழைத்து வந்தன’ என்று ஒரு வரி எழுதியிருந்தாள். வேறொன்றும் இல்லை. என்ன கஷ்டம் என்று கேட்டேன். சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். ‘அம்மா போன்ல நான்தான் பார்த்தேன் அண்ணா.’ அப்புறம்? பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பார்த்திருக்கிறாள், அவருக்கும் ஏறவில்லை. பதினோரு பேருக்கு யூ.ஏ.என். எண்ணைத் தேடி எடுத்திருக்கிறாள். ஆதாரில் ஒரு பெயர், ஒப்பந்ததாரர் கொடுத்த பட்டியலில் வேறு பெயர் என்று நான்கு பேருக்குச் சிக்கல். அதைச் சரிசெய்ய அலைந்திருக்கிறாள். எந்த மாதம் எவ்வளவு பிடித்தம் என்று நோட்டில் கோடு போட்டு எழுதி, மனுவோடு அந்தப் பெண்களையும் அழைத்துக்கொண்டு அலுவலகம் போயிருக்கிறாள். அப்போது அவள் இரண்டாம் ஆண்டு பி.ஏ.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், ‘அது வீட்டு விஷயம்தானே’ என்கிறாள்.

தோழர்களே, அது கள ஆய்வு. தரவு சேகரிப்பு. ஆவணச் சரிபார்ப்பு. பயந்துபோன பதினோரு பேரை ஒன்றாக நிற்கவைத்த வேலை. கோடை விடுமுறையில் நம் குடியிருப்புக்கு இரண்டு வாரம் வந்து பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத்தருகிற நகரத்து மாணவர் அதைத் ‘தலைமைப் பண்பு’ என்ற தலைப்பில் எழுதுகிறார். அதே குடியிருப்பில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, ரேஷன் அட்டை முதல் இறப்புச் சான்றிதழ் வரை ஊருக்கே மனு எழுதிக் கொடுத்தவர் அதைப் ‘பின்னணி’ என்று ஒரு வரியில் முடிக்கிறார். அவர் வந்து போனது அனுபவம், நாம் வாழ்ந்தது பின்னணி! இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தது?

அந்த மாணவியின் இரண்டாவது வரைவு பி.எஃப். நோட்டிலிருந்து தொடங்கியது. பணம் ஏறாததற்கு ஒப்பந்ததாரரின் ஏமாற்று மட்டும்தான் காரணமா, முதன்மை வேலையளிப்பவரான நகராட்சியின் பொறுப்பு எங்கே நழுவுகிறது என்று ஒரு கேள்வியில் போய் நின்றது. அதைத்தான் படிக்க வருகிறேன் என்று முடித்திருந்தாள். அழுகை இல்லை. அம்மாவின் உழைப்பு அதில் இல்லாமல் போகவும் இல்லை.

இந்த வழிக்கு நமக்கு முன்னோடி உண்டு. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அண்ணல் அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தபோது அவருக்கு 25 வயது. பள்ளியில் தனக்கு நேர்ந்ததை அங்கே அவர் விவரிக்கவில்லை. அகமண முறைதான் சாதியின் உயிர்நிலை என்று கோட்பாடாக வைத்தார். பிற்பாடு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளை எழுதியபோது, தீண்டாமை என்றால் என்ன என்று அறியாத வெளிநாட்டவருக்குப் புரியவைப்பதற்காகச் சொந்த அனுபவத்தை எடுத்தார். 1901இல் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட சிறுவர்கள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகர்கள் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரி பின்வாங்குகிறார். இரட்டிப்புக் கூலி கொடுத்து, மாட்டு வண்டியைச் சிறுவர்களே ஓட்டிப் போகிறார்கள். வண்டிக்காரர் கூட நடந்து வருகிறார். கையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ‘நான் எவ்வளவு துடித்தேன்’ என்று பக்கம் பக்கமாக அவர் எழுதவில்லை. கூலி எவ்வளவு, யார் என்ன சொன்னார் என்று எழுதினார். அது இன்று கொலம்பியாவில் பாடமாக இருக்கிறது.

சாதியைச் சொல்ல வேண்டுமா என்று எப்போதும் கேட்கிறீர்கள். அது உங்கள் முடிவு. சொல்லியே ஆகவேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும், எந்தத் தோழரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சொல்வதென்றால் தெளிவாகச் சொல்லுங்கள். ‘பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பம்’ என்று எழுதி அதற்குள் சாதியை ஒளித்து வைக்காதீர்கள். சேரிக்குத் தனிச் சுடுகாடு இருப்பதற்கு வறுமை காரணமல்ல. வெளிநாட்டு வாசகருக்கு ஒரு வாக்கியம் விளக்கம் கொடுங்கள், போதும். ‘தாழ்ந்த சாதி’ என்று உங்கள் கையால் எழுதாதீர்கள். தலித் என்றோ, ஒடுக்கப்பட்ட சாதி என்றோ, உங்களுக்கு உகந்த சொல்லை எழுதுங்கள்.

அடுத்தது தற்பெருமை. நம் வீடுகளில் தன்னைப் பற்றிப் பேசினால் ‘ரொம்பப் பீத்திக்காதே’ என்பார்கள். அதனால் ‘நாங்கள் செய்தோம்’ என்றே எழுதுகிறோம். இயக்கத்தில் அது நல்ல பழக்கம். விண்ணப்பத்தில் அந்த ‘நாங்களில்’ உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரவுப் பள்ளி நடத்தினோம் என்றால், பாடம் எடுத்தது யார், இடம் பிடித்தது யார், எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம்? எண்ணைப் போட்டால் பெருமை தானாக அடங்கிவிடும். பகுதிநேர வேலை, தம்பி தங்கையை வளர்த்தது, பாட்டியைப் பார்த்துக்கொண்டது எல்லாமே கணக்கில் வரும். 2026 சேர்க்கையிலிருந்து இங்கிலாந்தின் விண்ணப்பம் மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் மூன்றாவது கேள்வி, படிப்புக்கு வெளியே நீங்கள் என்ன செய்தீர்கள், அது எப்படிப் பயன்படும் என்பதுதான். கேன்டீனில் இரவு வேலை பார்த்தவர் அங்கே வெற்றிடம் விட வேண்டியதில்லை.

அரியர் இருந்தால், நடுவில் ஒரு வருடம் விட்டுப்போயிருந்தால், காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது ஆசிரியரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் செய்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால்தான் அவரும் எதையாவது எழுத முடியும்.

ஒரு எச்சரிக்கை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முக்கியமாகப் பட்டியல் சாதி மாணவர்களுக்கானது. 2022இல் அதன் விதிகளில் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குப் பணம் கிடையாது. சாதியைப் படிக்க வெளிநாடு போகிற தலித் மாணவருக்கு, தலித் மாணவருக்கான பணம் இல்லை என்று அர்த்தம். மற்றவர்கள் நம் வாழ்க்கையை ஆய்வு செய்து பட்டம் வாங்குகிறார்கள். நாம் செய்ய வந்தால் விதி குறுக்கே நிற்கிறது. எனவே தலைப்பை முடிவு செய்யுமுன் அந்தந்த ஆண்டின் விதிகளை வரி விடாமல் படியுங்கள். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை தருகிற வெளிநாட்டுக் கல்வி உதவியையும் சேர்த்துப் பாருங்கள். இந்த விதியை எதிர்த்துப் பேசுவது தனி வேலை. அதை உங்கள் 650 சொற்களுக்குள் செய்ய முடியாது, வெளியே சேர்ந்து செய்வோம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தாளைத் திருத்திக் கொடுக்க மாமா இருக்கிறார், சித்தி இருக்கிறார், காசு வாங்குகிற ஆலோசகர் இருக்கிறார். நமக்கு யார்? வார்தாவில் நாளந்தா அகாடமி போன்ற முயற்சிகள் இந்த இடத்தைத்தான் நிரப்பப் பார்க்கின்றன. ஏற்கெனவே உள்ளே போனவர்கள் வருடத்துக்கு ஐந்து வரைவாவது படித்துக் கொடுக்க வேண்டும் என்று போகிற இடமெல்லாம் கேட்டு வருகிறேன். பின் வரிசையில் அப்படி ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், திரும்பிப் பாருங்கள்.

தேநீர் முடிந்ததும் இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். வரைவு கொண்டுவராதவர்கள் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் உங்களிடம் ஒரே கேள்வி கேட்கட்டும்: உன் வீட்டில், உன் தெருவில், எந்த வேலைக்கு உன்னைத் தேடி வருகிறார்கள்? பதிலைத் தமிழிலேயே சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும். ஆங்கிலத்தை நாலு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.